முக்கால் தம்ளர் ஏரி

எங்கள் ஊர் ஏரி முக்கால் தம்ளர் தேநீரிலிருந்து உண்டானது. முழுத் தம்ளர் என்று சொல்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். எதையும் பெருக்கிச் சொல்வது அவர்கள் வழக்கம். இங்கே யாரும் அப்படி இல்லை. ஏரி சாதாரண ஏரிதான்: இந்தக் கரையில் நின்று ஒருவரைத் திட்டினால், அந்தக் கரையில் இருக்கிறவர் காதில் அது போய் விழுவதற்குள் இரண்டு பேரும் சமாதானமாகியிருப்பார்கள், அவ்வளவுதான் அகலம். மீன் நிறையக் கிடைக்கிறது, விலையும் பரவாயில்லை. தண்ணீரைச் சும்மா காய்ச்சினாலே லேசாகப் பால் அடிப்பிடித்த வாசனை வரும். புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் மூக்கைச் சுளிப்பார்கள். கொஞ்ச நாள் போனால் அந்த வாசனை இல்லாத தண்ணீரைத் தண்ணீர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆரம்பத்தில் இது ஊரே இல்லை. நாட்டின் வரைபடம் தலைநகரத்தில் கோடும் எழுத்துமாகக் கறுகறுவென்று தொடங்கி, மேற்கே வர வர இளைத்து, எல்லைப்புறத்துக்கு வந்து சேரும்போது வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். அந்த வெள்ளையில்தான் முதலில் வந்தவர்கள் வண்டிகளை நிறுத்தி, பலகை அடித்து, கூரைக்குத் தகரம் போட்டு, திருட ஆளே இல்லாத இடத்தில் கதவுக்குப் பூட்டும் மாட்டினார்கள். எல்லாம் இருந்தது, தண்ணீரைத் தவிர. ஆற்றுக்குப் போன வண்டி பீப்பாய்களை நிரப்பிக்கொண்டு திரும்புவதற்குள் வண்டிக்காரருக்குத் தாடி வளர்ந்து, அவர் குழந்தைகள் அவரை யாரோ என்று நினைத்து உள்ளே ஓடும். ஒருவர் முகம் கழுவிய தண்ணீரில் அடுத்தவர் கால் கழுவி, அதிலேயே மூன்றாமவர் சட்டையை அலசி, கடைசியில் செடிக்கு ஊற்றினால் செடி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இதைவிடப் பெரிய சங்கடம் தலைநகரத்துச் சட்டம். வரைபடத்தில் நீர்நிலை இல்லாத இடம் எத்தனை பேர் இருந்தாலும் ஊர் ஆகாது. அது ‘தங்கிப் போகும் இடம்’. எல்லைப்புறத்தை முதல்முறையாக முழுசாக வரைந்து அனுப்பச் சொல்லி ஆணை வந்திருந்தது. அந்தப் படத்தில் தண்ணீர் இல்லையென்றால், ஒரு அதிகாரி வந்து எங்கள் இடத்தை மூலப்படத்திலிருந்து சுரண்டுகத்தியால் சுரண்டிவிட்டுப் போய்விடுவார்.

சுரண்டினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். பழைய வரைபடக்காரர் ஒருவர், குன்று ஒன்றைத் தவறுதலாக இரண்டு தடவை போட்டுவிட்டதாக நினைத்து, அதில் ஒன்றைக் கத்தியால் சுரண்டினார். சுரண்டியது தப்பான குன்றை. அடுத்த பருவத்துக்குள் வடக்கே இருந்த குன்று தேய்ந்து தேய்ந்து தரையாகிவிட்டது; உச்சியில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள், தாங்கள் எப்போது இறங்கினோம் என்று தெரியாமல் ஒன்றையொன்று பார்த்து வெட்கப்பட்டன. இன்னொரு முறை, எழுத்தர் ஒருவர் மூலப்படத்தைச் சுருட்டாமல் மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். கிழக்கே இருந்த குடியிருப்பும் மேற்கே இருந்த குடியிருப்பும் அன்றைக்குப் பக்கத்துப் பக்கத்து வீடாகிவிட்டன. உப்பு கைமாற்று வாங்கி, பேச்சு வளர்ந்து, ஒரு கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. படத்தைப் பிரித்தபோது மாப்பிள்ளை தப்பான பக்கத்தில் மாட்டிக்கொண்டார். வீடு திரும்ப அவருக்கு ஒரு கோடைக்காலம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் அலுவலகச் சுவரில் ‘மடிக்காதே, சுரண்டாதே’ என்று எழுதி வைத்தார்கள்.

இதையெல்லாம் நம்பாத ஆள் ஊரில் ஒருவர்தான் இருந்தார். அவர் சந்தையில் தராசு வைத்திருந்த எடைக்காரர். தட்டில் வைத்து நிறுக்க முடியாத எதுவும் இந்த உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி. குன்று போனதற்கு, “மழையில கரைஞ்சிருக்கும்” என்றார். மழையே இல்லையே என்று கேட்டதற்கு, “அப்ப காத்துல போயிருக்கும்” என்றார். தப்பான பக்கத்தில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டபோது, கல்யாணம் என்றால் எவனும் வழிதவறத்தான் பார்ப்பான் என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தட்டில் ஏற்றினார். ஆனால் எடையில் சுத்தமான ஆள். அவர் தராசு தப்பு சொன்னது என்று ஊரில் ஒரு குழந்தைகூடச் சொன்னதில்லை. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால், அது நிறுத்துப் போட்ட வார்த்தை என்றே தலைநகரத்தில்கூட நம்பினார்கள்.

அவருடைய ஒரே தங்கையைத்தான், எல்லைப்புறப் படத்தை வரையும் பொறுப்பில் இருந்த வரைபடக்காரர் கட்டியிருந்தார். அலுவலகமும் வீடும் ஒன்றுதான்: முன்னறையில் படம் வரையும் பெரிய மேசை, பின்னறையில் அடுப்பு, நடுவில் ஒரு திரைச்சீலை. வரைபடத் தாள் தலைநகரத்திலிருந்து சுருளாக வருவதால் அதற்குப் பிடிவாதம் அதிகம். எவ்வளவு நேரம் விரித்து வைத்தாலும் பழைய நினைப்பில் சுருண்டுகொள்ளப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் துணி சுற்றிய ஈயக்கட்டி நாலு கொடுத்திருந்தார்கள், மூலைக்கு ஒன்று. எடைக்காரரின் எடைக்கல் ஒன்று தொலைந்துபோன சமயத்தில் அவர் தங்கை வீட்டுக்கு வந்தார். நாலாவது ஈயக்கட்டியை எடுத்துக் கையில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். “மாப்ளே, சரியா என் கல்லு எடை. நாளைக்குக் கொண்டாந்து குடுத்துடறேன்” என்று மடியில் கட்டிக்கொண்டு போனார். அந்த ‘நாளைக்கு’ வரவே இல்லை. மச்சானிடம் போய்க் கட்டியைத் திருப்பிக் கேட்பதா என்று வரைபடக்காரருக்குக் கூச்சம். தங்கைக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது, பார்க்கும்போதெல்லாம் கேட்டாள். எடைக்காரர் ஒவ்வொரு முறையும் புருவத்தைத் தூக்கி, “எந்தக் கட்டி?” என்பார். கட்டி அவர் தராசில் ஊர் அரிசியையும் ஆணியையும் நிறுத்துக்கொண்டிருந்தது. மேசையின் நாலாவது மூலைக்கு அன்றிலிருந்து டீ தம்ளர்தான் பாரம். நிறைந்த தம்ளராக இருந்தால் தாள் அடங்கிக் கிடக்கும். அதனால் வரைபடக்காரர் வரைந்து முடிக்கும்வரை டீயைத் தொடமாட்டார். ஆறிப்போன டீ குடித்துக் குடித்தே மெலிந்தவர் அவர்.

அந்த டீயைப் பற்றியும் சொல்லவேண்டும். தங்கை எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்வாள், பால் காய்ச்சுவதைத் தவிர. பாலை அடுப்பில் வைத்துவிட்டு யாரிடமாவது வழக்குப் பேசப் போய்விடுவாள். வழக்கில் எப்போதும் ஜெயிப்பாள், பால் எப்போதும் அடிப்பிடிக்கும். “இவ போடுற டீயை மாட்டுக்கு வச்சா அது நம்மள வித்துட்டுப் போயிடும்” என்று அண்ணன்காரர் சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். தங்கை வீட்டில் அவர் டீ குடித்ததே இல்லை. வெந்நீர் போதும் என்பார்.

படம் முடியப்போகிறது என்று தெரிந்ததும் ஊரே வரைபடக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஒரு ஆறு போடச் சொன்னார்கள். ஆறு முடியாவிட்டால் ஓடை. ஓடையும் முடியாவிட்டால் ஒரு ஊற்று, சின்னதாக, மூலையில், யார் கண்ணையும் உறுத்தாமல். தான் கால்வைக்காத இடத்தைத் தன் கை வரையாது என்று அவர் சொல்லிவிட்டார்.

“உங்க கை என்ன தேஞ்சா போயிடும்?” என்றாள் மனைவி, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து. “ஒரு கோடு. நீலமா. வளைச்சு விட்டா ஆறு. இத்தனை குடும்பமும் மூட்டையைக் கட்டணுமா?”

“இல்லாததை எப்படிம்மா போடுறது?”

“நம்ம கல்யாணத்தப்ப உங்களுக்கு இல்லாத சம்பளத்தை உங்கப்பா சொல்லலையா? அந்த மாதிரிதான்.”

அவர் அசையவில்லை. நேர்மையான ஆள், அந்த நேர்மையால் அந்த வாரம் அவருக்குக் கடையில் யாரும் எதுவும் விற்கவில்லை. கடைசி எழுத்தையும் எழுதி முடித்தார், ஊரைச் சுற்றி ஒரு சொட்டு நீலம் இல்லாமல். தபால் வண்டி வாசலில் வந்து நின்று மணி அடித்தது. வேலை முடிந்த நிம்மதியில் அவர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார்: மையை உலர விட்டுவிட்டு, தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்து, திரும்ப மூலையில் வைத்தார். தாள் அந்தக் கணத்துக்காகத்தான் வருஷக்கணக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எடை குறைந்ததும் ஒரு மூச்சு விட்டு மூலையைத் தூக்கியது. தம்ளர் சாய்ந்தது. ஊரின் மேற்குப் பக்கம், எடைக்காரர் புதிதாகக் கட்டி வண்ணமடித்திருந்த வீட்டின் மேல், தேநீர் போய்த் தங்கியது.

வேறு தாள் இல்லை, சுரண்டக்கூடாது, வண்டிக்காரர் மணியை விடுவதாக இல்லை. வரைபடக்காரர் ஒற்றி எடுத்துவிட்டு, இது கறைதான், வேறொன்றும் இல்லை என்று தெரியட்டுமே என்பதற்காக அதைச் சுற்றி மெல்லியதாக ஒரு கோடு போட்டு அனுப்பினார். தலைநகரத்தில் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோடு கரையாகத் தெரிந்தது. இவ்வளவு உயிரோட்டமாக யாரும் இதுவரை ஒரு ஏரியை வரைந்ததில்லை என்று பாராட்டி, பிரதிகளில் அதற்கு நீலம் பூசி, மூலப்படத்தைத் திருப்பி அனுப்பினார்கள். கூடவே ஊர் என்ற அங்கீகாரமும் வந்தது. படம் சுவரில் மாட்டப்பட்ட அன்றைக்கே எடைக்காரர் வீட்டு அடுக்களையில் தரை ஈரமாக இருந்தது.

முதலில் அவர் தன் மனைவியைத் திட்டினார். பிறகு குடத்தைத் திட்டினார். தண்ணீர் பழுப்பாக, கதகதப்பாக, நிதானமாக ஏறியது, நாற்காலி மிதந்தது, கட்டில் மிதந்து வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்து, நின்று யோசித்து, உள்ளே திரும்பிப் போனது. வீடே மிதந்தது என்று சிலர் சொல்வது கலப்படமில்லாத பொய். கூரை மட்டும்தான் மிதந்தது. அந்தக் கூரையில் உட்கார்ந்துகொண்டு எடைக்காரர் ஒரு பருவம் ஓட்டினார். காலையில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசுத் தட்டில் ஏறி, ஓட்டைக் கரண்டியால் துடுப்புப் போட்டுச் சந்தைக்கு வருவார். கரண்டியில் ஓட்டை இருந்ததால் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும். ஏரியின் மேல் விடியற்காலையில் பாலாடை படிந்திருக்கும். வாத்துகள் அதன்மேல் நடந்து போகும். கரை நெடுக எறும்பு மொய்த்தது. விருந்தாளி வந்தால் வீட்டுப் பெண்கள் ஏரியில் ஒரு சொம்பு மொண்டு, வடிகட்டி, அப்படியே கொடுத்துவிட்டு அடுப்புப் பற்றவைக்கும் வேலையை மிச்சம் பிடித்தார்கள். நாளாக ஆக நிறம் வெளுத்துத் தெளிந்தது. வாசனை மட்டும் நின்றுவிட்டது.

எடைக்காரர் கிழக்குப் பக்கம் மேட்டில் இன்னொரு வீடு கட்டிக்கொண்டார், முதல் வீட்டைவிட நல்ல வீடு. ஆனால் ஏரியை ஏரி என்று அவர் வாய் சொல்லவில்லை. அவர் கணக்குப்படி, தன்மேல் பொறாமைப்பட்ட ஊரார் தங்கை மாப்பிள்ளையின் தலைமையில் கமுக்கமாகக் கால்வாய் தோண்டி, எங்கிருந்தோ தண்ணீரைத் திருப்பிவிட்டுத் தன் வீட்டை முக்கிவிட்டார்கள். தோண்டிய மண் எங்கே என்று கேட்டால், அதைத் தின்றிருப்பார்கள், இந்த ஊர்க்காரர்கள் எதையும் தின்பார்கள் என்றார். இத்தனைக்கும் கரையோரமாகத்தான் கடையைப் போட்டு, அந்த இல்லாத ஏரியின் இருக்கிற மீனை நாள் முழுக்க நிறுத்துக்கொண்டிருந்தார். தம்ளர் கதையை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவார். தம்ளர் ஏன் அந்த மூலையில் இருந்தது என்ற கேள்வி அடுத்து வரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

வருஷங்கள் போயின. ஊருக்குப் பள்ளிக்கூடம் வந்தது, விளக்குக் கம்பம் வந்தது, கடன் வந்தது. எடைக்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. தோண்டியது நாங்கள்தான் என்று அரசாங்கம் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்று தலைநகரத்துக்கே ஆள்விட்டுப் புகார் சொன்னார். புகார் சொன்னவர் எடைக்காரர் என்றதும் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆள் வைத்துத் தோண்டிய குட்டையை இயற்கை ஏரி என்று காட்டி ஊர்ப் பெயர் வாங்கியது உண்மையானால், குற்றம் பெரிய குற்றம். வயதான பெரிய அதிகாரி ஒருவர் சுரண்டுகத்தியை உறையில் போட்டுக்கொண்டு புறப்பட்டு வந்தார். ஊருக்குள் அவர் நுழைந்தபோது, குன்றிலிருந்து இறங்கிய ஆடுகளின் பேரப்பிள்ளைகள்கூட ஓரமாக ஒதுங்கி நின்றன.

“அண்ணே, அவர் சுரண்டினா ஊரே போயிடும்ணே. உன் புது வீடும் சேர்த்துத்தான்” என்றாள் தங்கை.

“தாளைச் சுரண்டினா தாள்தான் போகும். போய்ப் பாலைப் பாரு, தீயுது” என்றார் அவர்.

படத்தையும் ஏரியையும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, மேசையைக் கரைக்கே கொண்டுவரச் சொன்னார் அதிகாரி. பக்கத்திலேயே எடைக்காரரின் தராசு, ஒரு தட்டில் மீன், ஒரு தட்டில் கல். ஊரே கூடிவிட்டது. வரைபடக்காரர் மூலப்படத்தை விரித்து மூன்று மூலையிலும் ஈயக்கட்டிகளை வைத்தார். நாலாவது மூலை, இந்தத் தடவை கிழக்கு மூலை, சுருண்டது.

“நாலு கட்டி குடுத்திருக்கோமே, இன்னொண்ணு எங்க?” என்றார் அதிகாரி. வரைபடக்காரர் தன் செருப்பை ஆராய்ந்தார்.

“அது காணாமப் போய் ரொம்ப காலமாச்சுங்க. நாங்க இதைத்தான் வைக்கிறது” என்று தங்கை முன்னால் வந்து, ததும்பத் ததும்ப ஒரு தம்ளர் டீயை அந்த மூலையில் வைத்தாள். “உங்களுக்குத்தான் போட்டேன், ஆறுறதுக்குள்ள குடிங்க.”

அதிகாரி உறையிலிருந்து கத்தியை எடுத்து ஏரியின் ஓரமாகப் படத்தின்மேல் வைத்தார். “நீங்க சொல்லுங்க பெரியவரே. இதைத் தோண்டினது யாரு?”

எடைக்காரர் தொண்டையைச் செருமினார். இத்தனை வருஷமாக மனசுக்குள் நிறுத்து நிறுத்து வைத்திருந்த பேச்சு அது. தன் முதல் வீட்டின் வாசற்படியிலிருந்து ஆரம்பித்தார், சன்னலுக்குப் பூசிய வண்ணத்தைச் சொன்னார், ஊராரின் பொறாமையைச் சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டே தம்ளரை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினார். முகத்தை என்னவோ போல வைத்துக்கொண்டு, மரியாதைக்காக விழுங்கி, திரும்ப மூலையில் வைத்தார். எடைக்காரரின் பேச்சு கொஞ்சம் நிதானமாயிற்று. கால்வாய்க்கு வந்தார். அதிகாரி இன்னொரு வாய் குடித்தார். எடைக்காரரின் கண் தம்ளரை விட்டு நகரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தே எடை சொல்லக்கூடிய கண் அது. மண்வெட்டி என்று ஆரம்பித்த வார்த்தை பாதியில் நின்றது. கிழக்கு மூலையில் தாள் லேசாக மூச்சு விட்டது.

அவ்வளவு வயசான மனிதர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. தராசிலிருந்து ஈயக்கட்டியைப் பிடுங்கினார்; எதிர்த்தட்டு தரையில் மோத, மீனெல்லாம் துள்ளி விழுந்தது. ஒரு கையால் கட்டியைத் தாளின் மூலையில் அடித்து வைத்தார், சாய்ந்துகொண்டிருந்த தம்ளரை இன்னொரு கையால் பிடித்து, கடைசிச் சொட்டு வரை மடமடவென்று குடித்துத் தீர்த்தார். குடித்து முடித்து, வாயைத் துடைக்காமல், அப்படியே நின்றார். அந்த ருசி அவருக்குப் புதுசாக இருந்திருக்காது. அதைத்தான் வருஷக்கணக்காக ஏரித்தண்ணீரில் குடித்துக்கொண்டிருந்தார்.

தங்கை இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “ஏண்ணே, என் டீயை மாடுகூடக் குடிக்காதுன்னு சொல்லுவே. ஒரே மடக்கா அடிச்சுட்டே?”

“கொட்டியிருக்குமே!”

“கொட்டினா என்ன? துடைச்சுட்டுப் போறோம்.”

“உனக்கென்ன, உன் வீடா அந்த மூலையில இருக்கு?”

“வீட்டுக்கு என்ன வந்துச்சு? டீதானே?”

“ஏரியாயிடும்டி!” என்று கத்தினார் எடைக்காரர்.

அதிகாரி துணி சுற்றிய கட்டியைக் கையில் எடுத்து, அடியில் இருந்த அரசாங்க முத்திரையைப் பார்த்து, திரும்ப மூலையில் வைத்தார். “ஏரின்னா ஆள் வச்சுத் தோண்டினாதானே ஆகும்? நீங்கதானே சொல்லிட்டிருந்தீங்க?”

எடைக்காரர் ஏரியைப் பார்த்தார். அவருடைய பழைய வீட்டுக் கூரையின் முகடு தண்ணீருக்கு மேலே ஒரு கோடாகத் தெரிந்தது. அதன்மேல் ஒரு வாத்து உட்கார்ந்திருந்தது. பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை இன்னும் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரும் தோண்டலைங்க” என்றார். “கட்டி என்கிட்டதான் இருந்துச்சு.”

“அப்ப போன தடவையும் இப்படித்தான் கொட்டுச்சா?”

“இப்படியேதான்.”

“ஒரு தம்ளர் டீயில இவ்வளவு பெரிய ஏரியா?” என்றார் அதிகாரி, கத்தியை உறையில் போட்டுக்கொண்டே.

அதைக் கேட்டதும் எடைக்காரருக்குத் தொழில் கௌரவம் வந்துவிட்டது. நிமிர்ந்து நின்றார். “ஒரு தம்ளர்னு எவன் சொன்னான்? முழுத் தம்ளர் இருந்தா தாளு எழும்பவே எழும்பாது. அரைத் தம்ளர்னா தண்ணி என் சன்னலைத் தாண்டியிருக்காது. முக்கால். நான் சொல்றேன், எழுதிக்கோங்க. முக்கால் தம்ளர், ஒரு சொட்டு கூடக் குறைய கிடையாது.”